வாளின் மேல் நான் வைத்த பொட்டு

அன்புள்ள அருண்,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் பத்திரிகைக் கட்டு, ஒரு பக்கம் தாம்பூலப் பைகள். நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீ தினமும் சாயந்திரம் டிரெயினில் உன் அறைக்குத் திரும்பும்போது கூப்பிடுகிறாய்; நான் ஆரம்பிப்பதற்குள் நீ இறங்கும் ஸ்டேஷன் வந்துவிடுகிறது. இங்கிலீஷில் எழுதினால் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு ஒரு பொம்மை முகத்தைப் பதிலாக அனுப்பிவிடுவாய். தமிழை நீ ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றுக்கொண்டவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். வரி வரியாக உட்கார்ந்து நீ படிக்க வேண்டியதாக ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

உன் மாமனார் ஆகப்போகிற யூமியின் அப்பா உங்களுக்குக் கொடுத்த வாளில் ஒரு கறை இருக்கிறதே, அதைப் பற்றித்தான். போன வாரம் யூமி புடவை பிளவுஸ் அளவு கொடுக்க வந்தபோது சொன்னாள், ரிசப்ஷனில் அவள் அப்பா மைக்கைப் பிடித்து அந்தக் கறையின் கதையைச் சொல்லப் போகிறாராம். மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறாராம். அவர் சொல்லப் போகும் கதை நான் அவருக்குச் சொன்ன கதை. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, உனக்கும் உன் அப்பாவுக்கும்கூட.

முதலிலிருந்தே சொல்கிறேன். நீயும் அந்த நாட்களில் இருந்தவன்தான், ஆனால் நான் பார்த்த உன்னை நீ பார்த்திருக்க மாட்டாய். நிச்சயம் முடிந்த அடுத்த மாதம் யூமியின் அப்பா உன்னை மட்டும் தன் அபார்ட்மென்ட்டுக்கு வரச் சொன்னார். மனைவி போன பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு சான் ஹோசேயில் இரண்டு அறைக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டவர். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து வந்த வாள் அது. அண்ணன் இறந்து ஜப்பானில் இருந்த வீட்டைப் பூட்டியபோது, தகுந்த பத்திரங்களோடு இங்கே கொண்டுவந்தாராம். இப்போது கை நடுங்குகிறது, போன தடவை துடைக்கும்போது கட்டை விரலை வெட்டிக்கொண்டேன், இனி நீ பார்த்துக்கொள் என்று சொல்லி உன்னிடம் இரண்டு பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார். உன் சான் ஃபிரான்சிஸ்கோ அறையில் மூன்று பையன்கள். அதனால் கல்யாணம் வரைக்கும் நம் வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாய்.

நான் முதலில் முகத்தைச் சுளித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்குள் ஆயுதமா என்று கேட்டேன். நீ பெட்டிகளைத் திறந்தாய். ஒன்றில் வெறும் மர உறை. ஒரு கோடு, ஒரு பூ கிடையாது, சந்தனக் கட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. நிஜ வாள் அதற்குள்தான் உறங்குகிறது என்றாய். இன்னொன்றில் அதன் அலங்காரம் முழுவதும். கறுப்பு அரக்கு உறை, பட்டு நாடா சுற்றிய பிடி, பிடிக்கும் வாளுக்கும் நடுவில் கை வழுக்காமல் தடுக்கிற வட்டமான இரும்புத் தட்டு. எல்லாவற்றையும் ஒரு மரக் கத்தியில் கோத்து வைத்திருந்தார்கள். மூலவர் கருவறைக்குள் எளிமையாக இருக்க, நகையெல்லாம் உற்சவருக்குப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றியதும் என் முகச்சுளிப்பு போய்விட்டது. அந்த இரும்புத் தட்டில் நாணல் புல், அதன் மேல் பறக்கிற ஒரு தட்டான்பூச்சி. பிடியில் சுற்றிய நாடாவுக்கு அடியில் இரண்டு பக்கமும் தங்கத்தில் இன்னும் இரண்டு தட்டான்கள், என் சுண்டுவிரல் நகம் அளவு. முக்கால்வாசி நாடாவுக்குள் மறைந்திருந்தன. தங்கத்தில் செய்துவிட்டு யாராவது நூலைச் சுற்றி மறைப்பார்களா என்று கேட்டேன். யூமியின் அப்பாவிடம் நீயும் அதையேதான் கேட்டாயாம். அது கண்ணுக்கு இல்லை, பிடிக்கிற கைக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றாராம்.

அன்றைக்கு நீ வாளை எடுத்த விதத்தை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. முதலில் இரண்டு கையிலும் ஏந்தித் தலை குனிந்தாய். பிறகு ஒரு தாளை மடித்து உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டாய், மூச்சும் எச்சிலும் இரும்பில் படக்கூடாதாம். உறையிலிருந்து வெளியே வந்தபோது அதன் ஓரத்தில் ஆவி படிந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு அலை அலையாக ஓடியது. மெல்லிய தாளால் பழைய எண்ணெயைத் துடைத்தாய். குச்சியில் கட்டிய பொடி முடிச்சால் தட்டித் தட்டி ஒற்றினாய், மறுபடி துடைத்தாய், புது எண்ணெய் தடவினாய். வீடு முழுக்கக் கிராம்பு வாசனை. ஸ்கூல் பையைக் கழற்றியதும் தூக்கி எறிந்த பிள்ளையா இவன் என்று நான் கதவோரம் நின்றிருந்தேன். எந்தத் தாய் தகப்பன் ஒரு பிள்ளையை நம்பித் தலைமுறைச் சொத்தைக் கொடுப்பார்கள்? அவர் உன்னிடம் கொடுத்தார். பெண்ணையும் கொடுக்கப் போகிறார், வாளையும் கொடுத்துவிட்டார். எனக்கு உன்னை நினைத்து நெஞ்சு நிறைந்துபோனது. பின்னால் நடந்ததற்கு அந்த நிறைவும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை நீ அறிவாய். ப்ளஸ் டூவோடு நிறுத்தியவள். மற்றதெல்லாம் இந்த ஊர் லைப்ரரியில் நானாகப் படித்துக்கொண்டது. வீட்டு ஃபில்டர் மாற்றிய தேதியிலிருந்து மாவடு போட்ட தேதி வரைக்கும் நோட்டில் எழுதி வைப்பவள். வாள் வந்த அடுத்த வாரமே லைப்ரரியிலிருந்து இரண்டு தடிப் புத்தகம் எடுத்து வந்து படித்தேன். பிடிக்குள் மறைந்திருக்கிற அடிப்பகுதியில் செய்தவர் பெயர் வெட்டியிருக்கும், அங்கே இருக்கும் பழைய துருவை மட்டும் தொடவே கூடாது, வயதைச் சொல்வது அந்தத் துருதான் என்றெல்லாம் உனக்கே நான்தான் சொன்னேன். வாளுக்கென்று ஒரு தனி நோட்டுப் போட்டேன். துடைத்த நாள், அன்றைக்கு வெயிலா மேகமா, எண்ணெய் எவ்வளவு மிச்சம், எல்லாம் அதில் இருக்கிறது. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டியிருந்த தாளில் தமிழில் மூன்று வரி, கோணல் மாணலான உன் கையெழுத்தில்: தண்ணீர் கூடாது. விரல் கூடாது. பேச்சு கூடாது.

நவராத்திரிக்கு நீ ஆஸ்டினுக்கு வேலையாகப் போயிருந்தாய். ஆயுத பூஜையன்று காலையில் எப்போதும்போல் எல்லாவற்றையும் கொலுவுக்கு முன்னால் வைத்தேன். உன் அப்பாவின் லேப்டாப், கார் சாவி, என் மிக்ஸி, அரிவாள்மணை, தையல் கத்தரி. அந்த வரிசையில் வாள் பெட்டிகள் இரண்டையும் வைத்தேன். வாளை எடுக்கவில்லை. பெட்டி மூடியின் மேல் மட்டும் சந்தனம் குங்குமம் வைத்துத் தீபாராதனை காட்டினேன். யூமியின் குலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது. அந்த ஒரு நாளைக் காட்டி நீ வீட்டுப்பாடத்துக்கு டிமிக்கி கொடுத்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். இதுவரைக்கும் நடந்ததில் ஒரு தப்பும் இல்லை. யூமியின் அப்பாவிடம் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

அவரிடம் சொல்லாதது இனிமேல் வருகிறது. சாயந்திரம் சுண்டலுக்கு நம் தெருவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெயர் வேண்டாம், உனக்கு எல்லாரும் ஆன்ட்டிதான். அவர்களில் மூத்தவள் பெட்டியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். நான்தான் அலங்காரப் பெட்டியைத் திறந்து காட்டினேன். பூஜையில் இருந்ததைத் தொட்டேன் என்பதை முதலில் குறித்துக்கொள். அவள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஜப்பான் சம்பந்தி சீருக்குக் கத்தியே குடுத்துட்டாரா? இனிமே நீ மருமககிட்ட பார்த்துதான் வாயைத் திறக்கணும்."

எல்லாரும் சிரித்தோம். பிறகு அந்த இரும்புத் தட்டைக் காட்டி, "இது என்ன, துரு ஏறிக் கிடக்கு? நம்ம ஊர் எடைக்கல்லு மாதிரி இருக்கே" என்றாள். நாடாவுக்குள் தங்கம் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, "இருந்து என்ன, தெரியவே மாட்டேங்குதே" என்றாள். அது கேலிதான், விஷமம் இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளைக்கு வந்த பெருமையை எடைக்கல் என்கிறாளே என்று இருந்தது. நிஜ வாளைப் பார்த்தால் பேச மாட்டாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இன்னொரு பெட்டியையும் திறந்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடி தாளை உதட்டில் வைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எனக்குப் பேச வேண்டியிருந்தது. உறையிலிருந்து உருவினேன். அந்த வெள்ளை அலை குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஓடியதும் மூன்று பேரும் வாயடைத்துப் போனார்கள். அந்த அமைதி எனக்குப் பாயசம் மாதிரி இருந்தது, அருண்.

இளையவள்தான் மெதுவாகச் சொன்னாள், "அக்கா, ஒரு பொட்டு மட்டும் வச்சா அப்படியே அம்மன் கையில இருக்கிற மாதிரி இருக்கும்." ஃபிரிட்ஜ் கதவில் உன் தாள் இருந்தது. நான் அதைத் தாண்டித்தான் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தேன். அடிப்பக்கம் ஒரு சாண் தள்ளி, ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். விரலால் வைத்தேன். அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் உடனே துடைத்திருக்கலாம். பொட்டு வைத்ததை மறுநாள் வரைக்கும் கலைக்கக்கூடாது என்று எனக்கு நானே சாஸ்திரம் சொல்லிக்கொண்டு, பட்டுத் துணியில் அப்படியே கிடத்திவிட்டேன். சாயந்திரம் பெட்டியைத் திறந்தபோது அந்தச் சாஸ்திரம் எங்கே போயிருந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெருமை அடித்துக்கொள்ள மீறினேன், சோம்பலுக்குக் கடைப்பிடித்தேன்.

காலையில் பொட்டை எடுத்ததும் அதற்கு அடியில் கொத்தமல்லி விதை அளவில் பழுப்பாக ஒரு வட்டம். அப்போதே உனக்குப் போன் செய்திருந்தால் அது அந்த அளவிலேயே நின்றிருக்கும். நான் புளியைக் கரைத்தேன். ஆமாம், படித்தவள், தனி நோட்டுப் போட்டவள், துருவைத் தொடக்கூடாது என்று உனக்கே பாடம் எடுத்தவள், பயம் வந்ததும் பித்தளைச் சொம்புக்குச் செய்வதைச் செய்தேன். இரண்டு தேய்ப்பில் பழுப்பு போனது. அந்த இடத்தில் அலைக்கோடும் போய்விட்டது. ஒரு பத்து சென்ட் காசு அளவுக்கு மூட்டம் போட்ட மாதிரி ஆனது. ஹேர் டிரையர் போட்டு உலர்த்தி, எண்ணெய் தடவி, உறையில் செருகி, பெட்டியை மூடி, அலமாரியில் வைத்தேன். அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. இத்தனை வருஷத்தில் என் நோட்டில் நான் பொய் எழுதியதில்லை. அன்றைக்கு எழுதாமல் விட்டேன். அதுவும் பொய்தான்.

நீ வியாழக்கிழமை வந்தாய். சனிக்கிழமை காலை வாளைத் துடைக்கும் நாள். நான் சமையலறையில் கிரைண்டரில் மாவு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் நீ ரொம்ப நேரம் அசையவே இல்லை. பிறகு யூமியின் அப்பாவைக் கூப்பிட்டாய். இங்கிலீஷில்தான் பேசினாய், ஆனால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஒரு கறை விழுந்திருக்கிறது, போன தடவை துடைக்கும்போது நான் வாய் தவறிப் பேசியிருக்க வேண்டும், என் மூச்சுத்தான் பட்டிருக்கும், தப்பு என்னுடையது, உங்கள் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்றாய். கிரைண்டரை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எனக்குக் கேட்டது என்று ஆகிவிடுமே. அரிசி மாவு வெண்ணெயாக ஆன பிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு இட்லி ஏன் களிமண்ணாக வந்தது என்று உன் அப்பா கேட்டாரே, காரணம் அதுதான்.

மத்தியானம் உன் அறைப் பக்கம் வந்தேன். ஆஸ்பத்திரியில் போடுவார்களே அந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு கைக்குட்டையையும் கட்டிக்கொண்டு, நீ வாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மூச்சு விடவே பயந்து, பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாய். செய்யாத தப்புக்காக என் பிள்ளை மூச்சைக்கூட எண்ணி விடுகிறான் என்று பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. நான்தான்டா, பூஜையில் பொட்டு வைத்தேன், கறை விழுந்தது, தேய்த்தேன் என்று சொன்னேன். கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ மாஸ்க்கைக் கழற்றினாய்.

"எதால தேய்ச்சே? புளியா?"

தலையை ஆட்டினேன். உனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உன் அப்பா கதவருகில் வந்து நின்று, "அவன்தான் சொல்லி முடிச்சுட்டானே, அப்படியே விட்டுடு. சம்பந்தி வீட்ல உன் பேரு எதுக்குக் கெடணும்" என்றார். என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். எனக்கும் சரி என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. நீ எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டாய். "இல்லப்பா. அம்மா, நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன். இப்பவே போலாம்."

எண்ணூற்று எண்பதாம் நம்பர் ஹைவேயில் அன்றைக்கு நல்ல டிராஃபிக். பெட்டி என் மடியில் இருந்தது. நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நீ கால்குலேட்டர் கதையைச் சொன்னாய். ஏழாம் வகுப்பில் நான் உன் கால்குலேட்டருக்குப் பொட்டு வைத்தேனாம். சந்தனம் உள்ளே இறங்கி ஏழாம் எண் வேலை செய்யாமல் போய்விட்டதாம். அம்மா வருத்தப்படுவாள் என்று அதை என்னிடம் சொல்லவே இல்லையாம். அந்த வருஷம் முழுக்க ஏழு வரும் இடத்தில் எல்லாம் எட்டில் ஒன்றைக் கழித்துப் போட்டேன் என்றாய். எழுபத்தேழு வந்தால் என்னடா செய்வாய் என்று கேட்டேன். அதற்கு எண்பத்தெட்டில் பதினொன்றைக் கழிக்க வேண்டும், அதனால்தான் கணக்கில் நன்றாக வந்தேன் என்றாய். அழுகை நடுவில் நான் அப்படிச் சிரித்தது இல்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு வேறொன்றும் தோன்றியது. பன்னிரண்டு வயசிலேயே நீ எனக்காக ஒரு தப்பை மறைத்துச் சுமந்திருக்கிறாய். காலையில் போனிலும், யார் செய்தது என்று தெரியாமலேயே, என் தப்பைத்தான் எடுத்துக்கொண்டாய். உனக்கு அது சுபாவமாகவே ஆகிவிட்டது.

அந்த அபார்ட்மென்ட்டில் நடந்ததை நீயும் பார்த்தாய், இருந்தாலும் நான் பார்த்த மாதிரி எழுதுகிறேன். யூமியின் அப்பா வாளை வாங்கித் தலை குனிந்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் கை நடுங்குவதை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். இது மூச்சுப் பட்ட கறை இல்லையே, யார் செய்தது என்று அவர் கேட்டதும் நீ என்னை முந்திக்கொண்டாய். எங்கள் வீட்டில் நடந்தது, சார் என்றாய். இவன் இவள் என்று சொல்லாமல் எங்கள் வீடு என்றாய் பார், அந்த ஒரு வார்த்தைக்கு நான் உன்னைப் பெற்றதும் வளர்த்ததும் சரியாய்ப் போயிற்று. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நான்தான், என் விரல்தான் என்றேன். அவர் முகம் மாறவில்லை. மெருகேற்றுகிறவரிடம் கொடுத்தால் போகும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இரும்பும் போகும், இந்த வாளில் இனி இழக்க அதிகம் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

பிறகு ஏன் குங்குமம் என்று கேட்டார். வருஷத்தில் ஒரு நாள் எங்களுக்குச் சோறு போடும் பொருள்களை எல்லாம் நாங்கள் கும்பிடுவோம், காரை, கம்ப்யூட்டரை, மிக்ஸியை என்றேன். "மிக்ஸியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார். புத்தாண்டுக்கு அவருடைய அம்மா அரிசி மாவு உருண்டையை இரண்டு அடுக்காகப் பிடித்துச் சாமிக்கு வைப்பாராம், அடுப்பங்கரையில் ஒன்று, இந்த வாளுக்கு முன்னால் ஒன்று, தையல் மிஷின் மேலும் ஒன்று. தையல் மிஷினுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, நம் எல்லாருக்கும் துணி தைத்துக் களைத்திருக்கிறது என்பாராம். சொல்லிவிட்டு எழுந்து நின்று எனக்குக் குனிந்து வணங்கினார். "இதை மெருகேற்ற வேண்டாம். வணங்கும்போது விழுந்தது. இருக்கட்டும்" என்றார். வாளை மறுபடி உன் கையில் கொடுத்தார், என் முன்னாலேயே.

இதுதான் அவர் ரிசப்ஷனில் சொல்லப் போகும் கதை. இரண்டு குடும்பமும் ஒரே மாதிரி பொருளை வணங்குகிறவர்கள், இந்தக் கறை அதற்கு அடையாளம் என்று முடிக்கப் போகிறாராம். யூமி அதைச் சொல்லும்போதே கண் கலங்கினாள். அவர் குனிந்து வணங்கியது என் பக்தியை. நான் பொட்டு வைத்ததோ மூன்று பேர் வாயை அடைக்க. பக்தி பெட்டி மூடியோடு நின்றுவிட்டது. அதைத் திறந்து வாளை உருவியது என் ஜம்பம். அன்றைக்கு அவர் எழுந்து குனிந்தபோது நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. மூன்று மாதமாகப் பூஜை அறையில் உட்கார்ந்தால் அவர் குனிந்த தலைதான் முன்னால் வருகிறது. எனக்குச் சேர வேண்டாத ஒன்றை அம்பாள் பெயரைச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் போகும் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தப்பு கொத்தமல்லி விதையாக இருக்கும்போதே யூமியிடம் சொல்லிவிடு, புளி கரைக்கப் போகாதே. அவள் தப்பை நீ எடுத்துச் சுமக்காதே, உன் தப்பை அவள் சுமக்க விடாதே. பக்கத்தில் நில், அது போதும். எனக்கு நீ செய்தது அதுதான், அதைவிடப் பெரிய உபகாரம் எனக்கு யாரும் செய்ததில்லை. உங்கள் இரண்டு பேருக்குள் இருக்கும் நல்லதை எல்லாம் கொலுவில் வைக்க வேண்டும் என்று இல்லை. அந்தத் தங்கத் தட்டான்கள் மாதிரி பிடிக்கிற கைக்குத் தெரிந்தால் போதும். இதை நான் அந்தச் சுண்டல் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கலாம், அதுதான் பெட்டியில் என் கண் முன்னாலேயே இருந்தது.

உன்னை நினைத்து இன்னும் பெருமைப்படுகிறேன், அதை மட்டும் என்னால் நிறுத்த முடியாது. ஆஸ்டினுக்குப் போகிறவன், ஆயிரம் வேலை உள்ளவன், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து, அம்மா கெடுத்த இடத்திலும் அதே பொறுமையோடு எண்ணெய் தடவுகிறாய். அந்த மூட்டத்தின் மேல் தாள் வரும்போது உன் கை வேகம் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. நான் கவனித்திருக்கிறேன். இனிமேல் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாள் நோட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், உங்கள் புது வீட்டுக்குப் போகட்டும். விஜயதசமி அன்று காலியாக விட்ட இடத்தில் இன்றைக்கு எழுதிவிட்டேன்: பெருமைக்காக உருவினேன், விரலால் தொட்டேன், புளியால் தேய்த்தேன். கீழே என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், செய்தவர் பெயர் இருக்க வேண்டும் அல்லவா. வருகிற ஞாயிற்றுக்கிழமை யூமியின் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவருக்கும் யூமிக்கும் நீ இங்கிலீஷில் வாசித்துக் காட்ட வேண்டும். நான் பக்கத்திலேயே நிற்பேன், கிரைண்டர் ஓடாது. கேட்ட பிறகு ரிசப்ஷனில் எந்தக் கதையைச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம். வாளைத் திருப்பிக் கேட்டாலும் இரண்டு கையாலும் ஏந்திக் கொடு.

வாசிக்கும்போது அம்மாவுக்காக எந்த வரியையும் தாண்டிப் போகாதே, கண்ணா. ஏழு வருகிற இடத்தில் ஏழு என்றே சொல். எட்டில் ஒன்றைக் கழிக்கிற வேலை இங்கே வேண்டாம்.

உன் அம்மா